விசைப்படகும் அதன் எஞ்சினும்

கடலிற் செல்லும் கலத்தை மனிதன் மூன்று வகையாற் செலுத்தி வந்திருக்கிறான். முதலில் துடுப்பு, பின்னர்ப் பாய், அதற்கும் பின்னர் எஞ்சின். துடுப்பையும் பாயையும் நம்பியிருந்த காலத்தில் கலத்தின் வேகத்தைக் காற்றும் கடலும் தீர்மானித்தன. எஞ்சின் வந்த பிறகு அந்த உரிமை தன் கைக்கு வந்துவிட்டதாக மனிதன் எண்ணிக்கொண்டான். அந்த எண்ணம் எவ்வளவு தூரம் உண்மை என்பதை, இக்காலத்து விரைவுப் படகு ஒன்றை எடுத்துக்கொண்டு சற்றே ஆராய்வோம்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்கிழக்குக் கோடியில் புளோரிடா மாநிலம் ஒரு விரலைப் போலக் கடலுக்குள் நீண்டு கிடக்கிறது. அதன் கீழ்க்கரையில் மயாமி நகரம் உள்ளது. அங்கிருந்து கிழக்கே ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில், பஹாமா நாட்டைச் சேர்ந்த பிமினித் தீவு இருக்கிறது. இரண்டுக்கும் இடையே வளைகுடா நீரோட்டம் என்னும் பெரிய கடலாறு வடக்கு நோக்கி ஓடுகிறது. வடகாற்று வீசும் நாளில் காற்றும் நீரோட்டமும் எதிரெதிராக மோதும். அப்பொழுது அலைகள் ஒன்றையொன்று நெருங்கி, சுவர்போலச் செங்குத்தாக எழும். காலையில் குளம்போல் இருந்த கடல் மாலையில் வேறு முகம் காட்டும்.

இக்கடலில் மீன் பிடிக்கவும் தீவுகளுக்குப் போய் வரவும் 1960களில் ஒரு வகைப் படகு பரவலாயிற்று. ஆங்கிலத்தில் அதனைச் சென்டர் கன்சோல் என்பர். நாம் நடுமேடைப் படகு எனலாம். அதில் மூடிய அறை கிடையாது. படகின் நடுவே இடுப்பளவு உயரத்தில் ஒரு மேடை உண்டு. சுக்கான் சக்கரமும், எஞ்சினை அடக்கியாளும் பிடிகளும், திசைகாட்டும் கருவிகளும் அம்மேடையில் அமைந்திருக்கும். சுற்றிலும் நடப்பதற்கு வழி உண்டு. தூண்டிலிற் சிக்கிய பெரிய மீன் எந்தப் பக்கம் ஓடினாலும், மீன் பிடிப்பவர் அதன் பின்னே படகைச் சுற்றி வரலாம். எஞ்சின்கள் படகின் உள்ளே இல்லாமல் பின்பலகையின் வெளிப்புறத்தில் தொங்கும். இவற்றை அவுட்போர்டு எஞ்சின் என்பர். பத்து மீட்டர் நீளமுள்ள விரைவோட்டப் படகில் இரண்டோ மூன்றோ எஞ்சின்கள் இருக்கும். மணிக்கு 100 கிலோமீட்டரைக் கடந்து ஓடும் படகுகளும் உண்டு.

இத்தகைய படகு ஒன்றை வாங்க வருபவர் பெரும்பாலும் முதலிற் கேட்கும் கேள்வி, “எத்தனை குதிரைத்திறன்?” என்பது. அது தவறான கேள்வியன்று. ஆனால் கடைசியிற் கேட்கவேண்டிய கேள்வி. எந்தக் கடலிற் செல்லப் போகிறோம், அந்தக் கடலுக்கு எவ்வடிவம் ஏற்றது, அவ்வடிவம் எவ்வளவு எடையைத் தாங்கும், அந்த எடையைச் செலுத்த எவ்வளவு ஆற்றல் வேண்டும் என்று வரிசையாக வினவி வந்தால், குதிரைத்திறன் தானே விடையாக வந்து நிற்கும். வரிசையை மாற்றினால் பணமும் போகும். சில வேளைகளில் உயிரும் போகும்.

முதலாவது, அடிப்பாகத்தின் வடிவம். விரித்த புத்தகம் ஒன்றை அதன் முதுகு கீழே இருக்குமாறு கையிற் பிடியுங்கள். அகல விரித்தால் அட்டைகள் ஏறக்குறையத் தட்டையாகும்; சிறிது மூடினால் கூரிய ஆப்புப் போல் ஆகும். படகின் அடிப்பாகமும் இத்தகையதே. தட்டையான அடி, சிறு ஆற்றலிலேயே நீரின் மேல் எழும்பி வழுக்கிச் செல்லும். நிற்கும்போது ஆடாமலும் இருக்கும். ஆனால் அலையில் அது சம்மட்டி அடிப்பதுபோல் அறையும். கூரிய அடி அலையை வெட்டிச் செல்லும், அறைதல் குறையும். ஆயின், அதனை மேலெழுப்ப மிகுந்த ஆற்றல் வேண்டும். நிற்கும்போது பக்கவாட்டில் ஆடும்.

கூரிய அடியின் பெருமையை உலகுக்கு உணர்த்திய நிகழ்ச்சி 1960இல் நடந்தது. மயாமியிலிருந்து பஹாமாவின் தலைநகரான நாசோவுக்கு விசைப்படகுப் பந்தயம் ஒன்று நடைபெற்றது. அன்று கடல் மிகவும் கொந்தளித்திருந்தது. ரிச்சர்டு பெர்ட்ரம் என்பாரின் ‘மாப்பி’ என்னும் மரப்படகு, சாம் கிரிஃபித் செலுத்த, அப்பந்தயத்தில் வென்றது. அதனை வரைந்தவர் ரேமண்ட் ஹண்ட் என்னும் சிற்பி. முன்பகுதியில் மட்டுமன்றிப் பின்பலகை வரையிலும் ஏறத்தாழ 24 பாகைச் சரிவுடன் அடிப்பாகத்தை அவர் அமைத்திருந்தார். அன்றுமுதல் அவ்வடிவம் விரைவுப் படகுகளின் இலக்கணமாயிற்று. இன்றும் திறந்த கடலுக்குச் செல்லும் நடுமேடைப் படகுகளிற் பல 22 முதல் 25 பாகை வரை சரிவுடையன. உப்பங்கழியிலும் அமைதியான விரிகுடாவிலும் மட்டும் ஓட்டப் போகிறவருக்கு அவ்வளவு கூர்மை தேவையில்லை. அவருக்கு அது வீண் எரிபொருட் செலவே ஆகும்.

அடிப்பாகத்தின் குறுக்கே படிகள் வெட்டிய படகுகளும் உண்டு. படியின் வழியாகக் காற்று புகுந்து, நீரோடு உராயும் பரப்பைக் குறைக்கிறது, வேகம் கூடுகிறது. ஆனால் ஓட்டுபவர் முழு வேகத்திற் சட்டென்று திருப்பினால், அத்தகைய படகின் பின்பகுதி பிடிப்பை இழந்து சுழன்றுவிடக்கூடும். பயின்ற கைக்கு அது வரம். பயிலாத கைக்கு இடர்.

இரட்டை அடியுடைய படகுகளை மேல்நாட்டார் ‘காட்டமரான்’ என்று வழங்குகின்றனர். நம் கடற்கரையின் கட்டுமரம் என்ற சொல்லே அவ்வாறு உலகெங்கும் சென்றது. நம் கட்டுமரமோ மரங்களைச் சேர்த்துக் கட்டியது. அவர்களுடையது இரண்டு மெல்லிய அடிகளை ஒரு தளத்தால் இணைத்தது. பொருள் மாறினும் பெயர் நிலைத்துவிட்டது.

வடிவத்தோடு சேர்த்துப் பார்க்கவேண்டியது, நீர் புகுந்தாலும் படகு மிதக்குமா என்பது. 1958இல் ரிச்சர்டு ஃபிஷர் என்பார் பாஸ்டன் வேலர் என்னும் படகை வெளியிட்டார். கண்ணாடி இழையால் ஆன இரண்டு ஓடுகளுக்கு இடையே நுரைப்பொருளை நிரப்பி அதனைச் செய்திருந்தார். 1961இல் ‘லைஃப்’ இதழின் ஒளிப்படக்காரர் முன்னிலையில், தாம் உட்கார்ந்திருந்த படகையே இரண்டாக அறுக்கச் செய்து, எஞ்சினுள்ள பாதியை ஓட்டிச் சென்று காட்டினார். விளம்பரந்தான்; ஆயினும் நல்ல பாடம். பெரிய படகுகள் எல்லாம் இவ்வாறு மிதக்கக் கடமைப்பட்டவை அல்ல. ஆகவே வாங்குபவர் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இரண்டாவது, எடை. விற்பனைத் தாளில் அச்சிட்ட எடை பெரும்பாலும் வெறும் படகின் எடையே. எஞ்சின், எரிபொருள், குடிநீர், பனிக்கட்டிப் பெட்டி, ஆட்கள் எல்லாம் அதன்மேற் சேரும். 1,000 லிட்டர் பெட்ரோல் மட்டும் ஏறத்தாழ 740 கிலோகிராம் எடையுள்ளது. எடை எவ்வளவு என்பது போலவே, எங்கே என்பதும் முக்கியம். அவுட்போர்டு எஞ்சின்கள் படகின் கடைக்கோடியிலே தொங்குகின்றன. அங்கே அளவுக்கு மீறிச் சுமந்தால் பின்பகுதி தாழும். தளத்து நீர் வெளியேறும் துளைகள் வழியாகக் கடல்நீர் உள்ளே வரும். பின்னாலிருந்து வரும் அலை எளிதில் ஏறிவிடும். எனவே, செய்தவர் குறித்த உச்ச அளவைத் தாண்டி எஞ்சின் பூட்டுதல் எக்காலத்தும் ஆகாது.

மூன்றாவதாக எஞ்சினுக்கு வருவோம். அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் வாழ்ந்த ஓலே எவின்ரூட் என்னும் நார்வேக்காரர் 1909இல் விற்பனைக்குக் கொண்டுவந்த அவுட்போர்டு எஞ்சினின் ஆற்றல் ஏறத்தாழ ஒன்றரைக் குதிரைத்திறன். அதனை ஒருவரே தூக்கிச் செல்லலாம். அவர் பெயர் தாங்கிய எஞ்சின்களின் உற்பத்தி 2020இல் நின்றுபோயிற்று. ஆனால் அவர் வளர்த்த மரபு பேருருவம் கொண்டுள்ளது. 2021இல் மெர்குரி நிறுவனம் 12 உருளைகளும் 600 குதிரைத்திறனும் உடைய எஞ்சினை வெளியிட்டது. அதன் எடை ஏறத்தாழ 570 கிலோகிராம். ஒரு சிறிய காரை நினைவூட்டும் எடை பின்பலகையில் தொங்குகிறது!

ஏறக்குறைய ஒரே ஆற்றலுடைய இரண்டு எஞ்சின்களும் ஒரே தொழிலுக்கு உரியன என்று எண்ணிவிடலாகாது. 2018இல் வெளிவந்த யமஹாவின் 425 குதிரைத்திறன் எஞ்சின் 5.6 லிட்டர் கொள்ளளவும் ஏறத்தாழ 430 கிலோகிராம் எடையும் உடையது. அடுத்த ஆண்டு வெளிவந்த மெர்குரி ரேசிங்கின் 450 குதிரைத்திறன் எஞ்சின் 4.6 லிட்டர் கொள்ளளவே உடையது. காற்றை அழுத்திச் செலுத்தும் கருவியின் துணையால் அந்த ஆற்றலைப் பெறுகிறது. எடை ஏறத்தாழ 313 கிலோகிராம். முன்னது பெரிய உந்துவிசிறியைச் சுழற்றிக் கனத்த படகைத் தள்ளுவதற்கென்று அமைந்தது. பின்னது இலேசான படகை விரைந்து செலுத்துவதற்கென்று அமைந்தது. வண்டி இழுக்கும் காளையையும் பந்தயக் குதிரையையும் ஒரே சந்தையில் விற்கலாம். ஒரே நுகத்திற் பூட்டலாகாது.

ஆற்றலை இரு மடங்காக்கினால் வேகமும் இரு மடங்காகுமா? மாணவர்கள் இதனைத் தாளிற் கணக்கிட்டுப் பார்க்கலாம். படகுச் சிற்பிகள் கையாளும் கிரௌச் சூத்திரம் என்று ஒன்று உண்டு. நீரின் மேல் வழுக்கிச் செல்லும் படகின் வேகம், ஆற்றலை எடையால் வகுத்து வரும் ஈவின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பது அதன் சாரம். எல்லாச் சுமையும் சேர்ந்து 4,500 கிலோகிராம் எடையுள்ள படகு, 300 குதிரைத்திறன் எஞ்சின்கள் இரண்டைக் கொண்டு மணிக்கு 80 கிலோமீட்டர் செல்கிறது என்று கொள்வோம். எடைக்கு 320 கிலோகிராம் சேர்த்து மூன்றாவது எஞ்சினைப் பூட்டினால் வேகம் ஏறத்தாழ 95 ஆகும். நான்காவதையும் பூட்டினால் ஏறத்தாழ 106 ஆகும். அதாவது, மூன்றாவது எஞ்சின் தந்தது 15 கிலோமீட்டர். நான்காவது தந்தது 11 மட்டுமே. விலையோ இரண்டிற்கும் ஒன்று.

அப்படியாயின் ஒன்றுக்கு மேற்பட்ட எஞ்சின் எதற்கு? வேகத்துக்காக மட்டுமன்று, கரை சேர்வதற்காக. நடுக்கடலில் ஒன்று நின்றுபோனால் மற்றொன்று கொண்டுவந்து சேர்க்கவேண்டும். ஆனால் இங்கே இரண்டு ஐயங்களைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். எஞ்சிய ஒன்று மட்டும் படகை நீரின் மேல் எழுப்பவல்லதா, அல்லது நத்தை வேகத்தில் இழுக்க மட்டும் வல்லதா என்பது முதலாவது. இரண்டும் ஒரே தொட்டியிலிருந்து எரிபொருள் பெறுகின்றனவா என்பது இரண்டாவது. அந்தத் தொட்டியில் நீர் கலந்துவிட்டால் இரண்டும் ஒருங்கே நிற்கும். நீரைப் பிரிக்கும் வடிகட்டி ஒவ்வோர் எஞ்சினுக்கும் தனித்தனியே இருத்தல் வேண்டும்.

நான்காவது, உந்துவிசிறி. புரொப்பெல்லர் என்று நாம் அறிந்தது இதுவே. மரத்திற் செல்லும் திருகாணியைப்போல அது நீரிற் செல்கிறது. ஒரு சுற்றுக்கு எவ்வளவு தூரம் முன்னேற வேண்டும் என்பதே அதன் புரியிடைத் தூரம். எஞ்சின் நிமிடத்துக்கு 6,000 முறை சுழல்கிறது. பற்சக்கரங்கள் அதனை 1.75 பங்கில் ஒரு பங்காகக் குறைக்கின்றன. விசிறியின் புரியிடைத் தூரம் 21 அங்குலம் என்று கொள்வோம். விசிறி நிமிடத்துக்கு ஏறத்தாழ 3,430 முறை சுழலும். கணக்கின்படி படகு மணிக்கு 110 கிலோமீட்டர் ஓட வேண்டும். நீரோ மரத்தைப்போல் உறுதியானதன்று, சறுக்கும். பத்தில் ஒரு பங்கு சறுக்கினால் மணிக்கு 99 கிலோமீட்டர் கிடைக்கும்.

ஒவ்வோர் எஞ்சினுக்கும் முழு விசையில் எத்தனை சுற்று எட்ட வேண்டும் என்று செய்தவர் குறித்திருப்பார். பலவற்றுக்கு அது 5,000 முதல் 6,000 வரை. சுமையேற்றிய படகு அந்த அளவை எட்டாவிட்டால், அளவுக்கு மிஞ்சிய பாரத்தை இழுக்கும் மாடுபோல எஞ்சின் திணறுகிறது என்று பொருள். புரியிடைத் தூரத்தில் ஓர் அங்குலம் குறைத்தால் 150 முதல் 200 சுற்று வரை கூடும். இலட்சக்கணக்கிற் செலவிட்டு எஞ்சினை மாற்ற எண்ணியவர், ஏற்ற விசிறி ஒன்றை மாற்றியே குறை தீர்த்துக்கொள்வதும் உண்டு.

ஐந்தாவது, எரிபொருள். 300 குதிரைத்திறன் எஞ்சின் முழு விசையில் மணிக்கு ஏறத்தாழ 100 லிட்டர் பெட்ரோல் குடிக்கும். முன்னர்ச் சொன்ன படகு மயாமியிலிருந்து பிமினிக்குப் போய்த் திரும்ப 160 கிலோமீட்டர் ஆகும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் 2 மணி நேரமும் 400 லிட்டரும் செலவாகும். அதே படகு மணிக்கு 48 கிலோமீட்டர் வேகத்தில் லிட்டருக்கு 640 மீட்டர் ஓடுவதாகக் கொண்டால், 3 மணி 20 நிமிடமும் 250 லிட்டரும் ஆகும். எண்பது நிமிடத்தை மிச்சப்படுத்த 150 லிட்டர் கூடுதலாக எரிக்கிறோம். மூன்றில் ஒரு பங்கு போவதற்கு, ஒரு பங்கு திரும்புவதற்கு, ஒரு பங்கு எதிர்பாராததற்கு என்பது மாலுமிகளின் பழைய விதி. அவ்விதிப்படி, நிதானமாகச் செல்பவருக்கு 375 லிட்டர் போதும். முழு விசையிற் செல்பவருக்கு 600 லிட்டர் வேண்டும்.

இவற்றையெல்லாம் ஆராய்ந்த பின்னரும் கடலில் ஓட்டிப் பாராமல் வாங்குதல் கூடாது. தொட்டியை நிரப்பி, வழக்கமாக வரும் ஆட்களை ஏற்றி, காற்றுள்ள ஒரு நாளில் ஓட்டிப் பார்க்கவேண்டும். அலைக்கு எதிராகவும், அலையைப் பின்பற்றியும், குறுக்காகவும் செலுத்திப் பார்க்கவேண்டும். அமைதியான காலையில், ஒருவர் மட்டும் ஏறி, கால் தொட்டி எரிபொருளுடன் பெற்ற உச்ச வேகம் விளம்பரத்துக்கு உதவும், பயணத்துக்கு உதவாது. அலையடிக்கும் மாலையில், உள்ளிருப்போர் முதுகு நோகாமல், எந்த வேகத்தைத் தொடர்ந்து காக்க முடிகிறதோ அதுவே அப்படகின் உண்மையான வேகம்.

இறுதியாக, இவை எல்லாவற்றிலும் மலிவான ஒரு பொருளைப் பற்றிச் சொல்லவேண்டும். அது ஒரு சிறு கயிறு. ஒரு நுனி ஓட்டுபவரின் உடலிலும், மறு நுனி மேடையிலுள்ள விசையிலும் மாட்டப்பட்டிருக்கும். ஓட்டுபவர் தூக்கியெறியப்பட்டால் கயிறு விசையை இழுக்கும். எஞ்சின் உடனே நிற்கும். கயிறு இல்லாவிட்டால் என்ன ஆகும்? ஆளற்ற படகு பெரும்பாலும் நேரே போய்விடுவதில்லை. சுக்கான் ஒரு பக்கம் திரும்பிக்கொள்ள, வட்டமிட்டு, நீரில் விழுந்தவரை நோக்கியே சுழலும் விசிறியுடன் திரும்பி வரும். இதனால் நேர்ந்த சாவுகள் பல. 26 அடிக்குக் குறைந்த படகுகளில், மூடிய அறைக்கு வெளியே நின்று விரைந்து ஓட்டுபவர் இக்கயிற்றையோ, இதற்கு ஈடான கம்பியில்லாக் கருவியையோ அணியவேண்டும் என்னும் அமெரிக்கச் சட்டம் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 26 அடிக்கு மேற்பட்ட படகுக்குச் சட்டம் சொல்லவில்லை, அறிவு சொல்கிறது.

கயிறும் காவாத இடம் ஒன்று உண்டு. 2016 செப்டம்பர் 25 அன்று, விடிவதற்கு முன், மயாமித் துறைமுக வாயிலின் கல்லணையில் நடுமேடைப் படகு ஒன்று பெருவேகத்தில் மோதிற்று. புகழ்பெற்ற பேஸ்பால் வீரர் ஹோசே பெர்னாண்டஸும் அவர்தம் நண்பர் இருவரும் உயிர் நீத்தனர். வீரருக்கு அப்போது வயது 24. வேகம் இரட்டித்தால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகிறது. இருளிற் கல்லைக் கண்டு விலகக் கிடைக்கும் நேரமோ பாதியாகிறது. இந்தக் கணக்கை எந்த எஞ்சினும் மாற்றியமைக்க முடியாது.

நேயர்களே, நம் நாட்டுக் கடற்கரைகளிலும் இன்று கண்ணாடி இழைப் படகுகள் அவுட்போர்டு எஞ்சின் பூட்டிச் செல்கின்றன. அவற்றின் ஆற்றல் சிறிது, தொழில் வேறு. ஆயினும் வடிவம், எடை, ஆற்றல், விசிறி, எரிபொருள் ஆகியவற்றின் உறவு அங்கும் இதுவே. நாளை உங்களில் ஒருவர் படகுச் சிற்பியாகலாம். ஒருவர் எஞ்சின் அமைப்பவராகலாம். ஒருவர் மீனவர் சங்கத்துக்குப் படகு வாங்கித் தரும் பொறுப்பில் அமரலாம். அப்பொழுது, இது எவ்வளவு வேகமாகப் போகும் என்று கேட்பதற்கு முன், காற்று மாறிய மாலையில் இது எப்படித் திரும்பி வரும் என்று கேளுங்கள். அதற்கு நல்ல விடை தரும் படகே வாங்கத் தகுந்த படகு.